பழைய டேப் ரெக்கார்டர் பாட மறுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

பல வருடம் தொடாமல் கிடந்த டேப் ரெக்கார்டரை எடுத்துத் தூசு தட்டியதும் கை தானாகவே பிளக்கைத் தேடும். அடுத்து, வீட்டில் இருப்பதிலேயே பிரியமான கேசட்டை எடுத்துப் போட்டுவிடுவோம். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இந்த இரண்டையும் செய்யாதீர்கள் என்பதுதான். இயந்திரம் போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். டேப்பில் இருக்கும் குரலுக்கு வேறு பிரதி கிடையாது. போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய கேசட் ஒன்றைச் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். 60 நிமிடம் ஓடும் சி-60 நல்லது. 120 நிமிடம் ஓடும் சி-120 வேண்டாம், அதன் டேப் சுமார் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான், சி-60இல் பாதி. சின்னக் கோளாறுக்கும் சுருண்டு சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு ஆறுதலான செய்தி உண்டு. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை முடங்கிக் கிடந்ததற்கு மின்சுற்று காரணமே அல்ல. தளர்ந்த ரப்பர், இறுகிப்போன கிரீஸ், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்த அழுக்கு, ஆக்சைடு பிடித்த சுவிட்ச். இந்த நான்கையும் சரிசெய்யச் சாலிடரிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் பஞ்சுக் குச்சியும் போதும்.

டேப் ஓடும் பாதை

மூடியைக் கழற்றிவிட்டு டேப் எந்த வழியே போகிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். இது புரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

டேப்பை இழுப்பது ரீல் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் இழுப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய இரும்புத் தண்டு. பிஞ்ச் ரோலர் என்கிற ரப்பர் உருளை டேப்பை அந்தத் தண்டோடு சேர்த்து அழுத்துகிறது; தண்டு சுழல, டேப் ஒரே சீராக நகர்கிறது. கேசட்டில் அந்த வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. திறந்த ரீலில் சுற்றிய ஸ்பூல் டேப்பில் 9.5, 19, 38 என்று வெவ்வேறு வேகங்கள் உண்டு. வலப்பக்க ரீலின் வேலை, கேப்ஸ்டன் வெளியே தள்ளும் டேப்பைத் தொய்வில்லாமல் சுருட்டிக்கொள்வது மட்டுமே.

ஆகவே பாட்டு இழுவையாகவோ வேகமாகவோ கேட்டால் கேப்ஸ்டன் பக்கம் பாருங்கள். டேப்பைத் தின்றால் ரீல் பக்கம் பாருங்கள்.

பிளக் போடும் முன்

வால்வு வைத்த பழைய ஸ்பூல் இயந்திரம் என்றால் உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். அனுபவம் வரும்வரை அதன் மின்பகுதியைத் தொட வேண்டாம். இயக்கப் பகுதியைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் வைத்த இயந்திரங்களிலும் மின்மாற்றியின் உள்வரும் பக்கம் வீட்டு மின்சாரம்தான். அதனால் திறக்கும்போது பிளக் வெளியே இருக்கட்டும்.

பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, அது 110இல் நிற்கிறதா 220இலா என்று பாருங்கள். மின்கம்பியில் வெடிப்பு இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அது ஆல்கலைன் பேட்டரியின் கசிவு என்றால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறிய ஒரு திருகு போதும், உள்ளே மின்சுற்றுப் பலகையில் ஓட்டை போட.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸில் (ஒரே கம்பியில் தொடராக) இணைத்துக் கொடுப்பது என் வழக்கம். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். இந்த இணைப்பைத் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதே முதல் மருத்துவம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆரம்ப நாளில் ஒரு டெக்கில் பாட்டு கம்பளி போர்த்தியது போல மங்கலாகக் கேட்டது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு திருகைப் பார்த்தேன். அதைத் திருகினால் சரியாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். திருகினேன், இன்னும் மோசமானது. திரும்பத் திருகினேன், பழைய இடம் எது என்றே மறந்துபோனது. ஒரு மணி நேரம் கழித்து ஹெட்டைத் துடைத்தபோது பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. கோளாறு அவ்வளவுதான். தொலைத்த அந்தத் திருகின் இடத்தைத் தேட எனக்கு ஒரு முழு இரவு ஆயிற்று.

அழுக்கு ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும் டேப்பில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்தால், ஒரு அலையின் நீளம் 4.76 மைக்ரான்தான். ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே சில மைக்ரான் அழுக்கு நின்றாலே அந்த அலை ஹெட்டை எட்டாது. தாளச் சத்தம் அடங்கி, குரல் மூடிப்போவது இதனால்தான்.

99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் வேண்டாம். பஞ்சுக் குச்சியை நனைத்து, ஹெட்டின் முகம், அழிக்கும் ஹெட், டேப் தொடும் ஒவ்வொரு உலோகப் பகுதி என்று துடையுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். கேப்ஸ்டனில் படிந்த பழுப்பு வளையத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கேப்ஸ்டன் சுழலும்போது பஞ்சை அதில் அழுத்தாதீர்கள். நூல் சுற்றி உள்ளே போய்விடும். கேப்ஸ்டனோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பித் துடையுங்கள்.

பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹாலை விட மிதமான சோப்பு நீர் நல்லது; ஆல்கஹால் பழைய ரப்பரை உலர்த்திவிடும். சோப்பு போகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். லேசாகப் பிடித்து, மங்கலாக இருக்க வேண்டும். கண்ணாடி போல மின்னினால் மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே சீராக லேசாகத் தேய்க்கலாம். அது சில மாதத் தவணைதான். வெடிப்பு விட்ட உருளையை மாற்றியே ஆக வேண்டும்.

ஹெட்டில் தங்கும் காந்தத்தை நீக்கும் கருவி கையில் இருந்தால் இப்போது பயன்படுத்துங்கள். இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். கேசட்டுகள் எல்லாம் தள்ளி இருக்க வேண்டும். கருவியை ஒரு கை தூரத்தில் வைத்து இயக்கி, மெல்ல அருகே கொண்டுபோய், அதே மெதுவில் விலக்கிய பிறகே அணையுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அணைத்தால் இருந்ததை விட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

மோட்டார் சத்தம் வருகிறது, எதுவும் சுழலவில்லை

பெல்ட். மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் இந்த ரப்பர் வளையம் பெரும்பாலும் அறுந்திருக்காது, உருகியிருக்கும். சில பெல்ட்டுகள் காலப்போக்கில் கறுப்புத் தாராக மாறி, தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டு, அடியில் காகிதம் விரித்து, ஆல்கஹாலால் ஒரு துளி விடாமல் எடுங்கள். மோட்டார் புல்லியில், அதாவது பெல்ட் மாட்டும் சிறு சக்கரத்தில், கொஞ்சம் தார் தங்கினாலும் புல்லியின் விட்டம் கூடி, புது பெல்ட் போட்ட பிறகு பாட்டு வேகமாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் தங்கினால் சுருதி அலையடிக்கும்.

புது பெல்ட்டின் அளவுக்கு, பழைய பெல்ட் ஓடிய வழியில் ஒரு நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதில் 5 சதவீதம் குறைத்தால் வாங்க வேண்டிய சுற்றளவு. நூல் 240 மி.மீ. வந்தால் பெல்ட் 228. கேப்ஸ்டனை ஓட்டுவது பெரும்பாலும் தட்டை பெல்ட்; ஓடிய அளவை எண்ணாகக் காட்டும் கவுண்டர் முதலியவற்றுக்குச் சதுர பெல்ட். வடிவத்தை மாற்றாதீர்கள். காகிதக் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைச் சோதனைக்குக்கூட நான் போடுவதில்லை. அதன் தடிமன் சீராக இருக்காது. மிக இறுக்கமான பெல்ட் மோட்டாரின் பேரிங்கைத் தேய்த்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோட்டாரே சுழலவில்லை என்றால், பிளே பட்டனுக்கு அடியில் இருக்கும் சிறு தகட்டு சுவிட்சைப் பாருங்கள். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இரண்டு தகடுகளுக்கும் நடுவே வைத்து இழுத்தால் ஆக்சைடு வந்துவிடும். பிறகும் ஓடாவிட்டால், மோட்டார் முனைகளில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வந்தும் ஓடாவிட்டால்தான் மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

பட்டன்கள் அழுந்த மறுத்தாலோ, அழுந்தியது திரும்ப வராவிட்டாலோ, பலம் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் நெம்பு உடைந்துவிடும். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது. அதை ஆல்கஹாலால் கரைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத புது கிரீஸை எறும்பின் தலை அளவுக்கு வையுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிப்பது பெரிய தவறு. அது பறந்துபோய் பெல்ட்டிலும் ரோலரிலும் படிந்து எல்லாவற்றையும் வழுக்க வைக்கும்.

ஓடிவிட்டு நின்றுபோகிறது, டேப்பைத் தின்கிறது

சில நொடி பாடிவிட்டுத் தானாக நின்றால், நிற்கச் சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு. வலப்பக்க ரீல் சுழல்கிறதா என்று இயந்திரம் கவனித்துக்கொண்டே இருக்கும். சுழற்சி தெரியாவிட்டால் டேப்பைக் காப்பாற்ற நிறுத்திவிடும். பல மாடல்களில் இந்தத் தகவல் கவுண்டரின் பெல்ட் வழியேதான் போகிறது. ஓடினால் ஓடட்டும் என்று நாம் அலட்சியமாக விடும் அந்த எண் காட்டியின் பெல்ட் அறுந்தால், முழு இயந்திரமும் நின்றுவிடும்.

ரீல் உண்மையாகவே சுழலாவிட்டாலோ, பலமில்லாமல் சுழன்றாலோ, கேப்ஸ்டன் தள்ளிய டேப் போக இடமின்றி உருளையில் சுற்றிக்கொள்ளும். கேசட் இல்லாமல் பிளேயை அழுத்தி, ரீல் முள்ளை விரலால் லேசாகப் பிடியுங்கள். விரலை எதிர்த்துச் சுழலப் பார்த்தால் நல்லது. தொட்டதும் நின்றால், ரீலுக்குச் சுழற்சியைக் கடத்தும் ஐடிலர் சக்கரத்தின் ரப்பர் வளையம் வழுக்குகிறது. சுத்தம் செய்யுங்கள், போதாவிட்டால் மாற்றுங்கள். ரீல் நன்றாகச் சுழன்றும் டேப்பின் ஓரம் மடங்கினால், பிஞ்ச் ரோலர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் அல்லது அதன் நடுத் தண்டு காய்ந்திருக்கலாம். மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய டேப்பை வெளியே எடுக்கும்போது இழுக்காதீர்கள். இயந்திரத்தை அணைத்து, ஃப்ளைவீலைக் கையால் பின்னோக்கித் திருப்பினால் அதுவே விட்டுக்கொடுக்கும்.

வேகமும் அலையடிப்பும்

வேகத்தை அளக்க 3,000 அல்லது 3,150 ஹெர்ட்ஸ் பதிந்த அளவுக் கேசட்டும், அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றும் இருந்தால் வசதி. 3,150 என்று இருக்க வேண்டியது 3,245 காட்டினால் 3 சதவீதம் வேகம் கூடியிருக்கிறது. அளவுக் கேசட் இல்லாவிட்டால், நீளம் தெரிந்த பதிவைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 300 நொடிப் பதிவு 291 நொடியில் முடிந்தாலும் அதே 3 சதவீதம்தான். இது எத்தனை பெரிய வித்தியாசம் என்றால், 6 சதவீதம் போனால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்.

பல மோட்டார்களின் பின்புறச் சிறு துளைக்குள் வேகத் திருகு இருக்கும். வேகம் குறைந்திருந்தால் அங்கே போகும் முன் பெல்ட்டையும், ஃப்ளைவீல் பேரிங்கில் இறுகிய எண்ணெயையும் பாருங்கள். தளர்ந்த பெல்ட்டை மோட்டாரைத் திருகி ஈடுகட்டினால் அடுத்த வாரமே மறுபடியும் திருக வேண்டியிருக்கும்.

சராசரி வேகம் சரியாக இருந்தும் சுரம் ஆடுகிறது என்றால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. நீண்ட, நிலையான ஒரு சுரத்தைப் போட்டு, ஆட்டம் நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கேசட்டின் கேப்ஸ்டன் சுமார் 2 மி.மீ. விட்டம் உள்ளது என்றால், சுற்றளவு 6.3 மி.மீ.; நொடிக்கு 47.6 மி.மீ. இழுக்க அது ஏழரை முறை சுழல வேண்டும். ஆகவே நடுங்கும் குரல் போன்ற வேகமான அதிர்வு கேப்ஸ்டனிலிருந்து வருகிறது: அழுக்கு, அல்லது வளைவு. பிஞ்ச் ரோலரின் விட்டம் 12 மி.மீ. என்றால் அது நொடிக்கு ஒன்றேகால் முறை சுழலும். மெதுவாக ஊஞ்சலாடுவது போன்ற அசைவு அதனுடையது. அதைவிடவும் மெதுவாக, கேசட் ஓட ஓட இடைவெளி மாறிக்கொண்டே போனால் அது ரீல். டேப் சுருள் பெருக்கப் பெருக்க ரீல் மெதுவாகச் சுழல்வதால்தான் அந்த மாற்றம். ஒரே காதும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒலியில் கோளாறு

திறக்கும் முன், இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடான டால்பியின் சுவிட்சைப் பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால் மங்கலாக இருக்கும். டால்பியோடு பதிந்ததை அது இல்லாமல் கேட்டால் கூர்மையாக, இரைச்சலோடு இருக்கும். இரண்டுமே கோளாறு அல்ல.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் முதலில் வெளியே போகும் கம்பிகளை இடம் மாற்றுங்கள். ஊமையான பக்கமும் மாறினால் குறை இயந்திரத்தில் அல்லது கம்பியில்; மாறாவிட்டால் ஸ்பீக்கர் பக்கம். இயந்திரம்தான் என்றால், பலகையில் நீளமாகக் கிடக்கும் ரெக்கார்ட்-பிளே சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். பல ஜோடித் தொடுமுனைகள் உள்ள இந்தச் சுவிட்சைப் போலப் பலவிதத் தொல்லை தரும் பாகம் வேறில்லை: கரகரப்பு, ஒரு பக்கம் மறைவது, திடீரென்று ‘கீ’ என்று அலறுவது. இயந்திரத்தை அணைத்து, தொடுமுனைக்கான கிளீனரை அதன் பிளவில் கொஞ்சம் அடித்து, 20, 30 முறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தாலும் இதே வைத்தியம்தான்.

‘உர்ர்’ என்ற அடிநாதம் எப்போதும் இருந்தால் மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர் வற்றியிருக்கலாம். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அதேயாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் முனைகள் மாறினால் வெடிக்கும். பிளேயில் மட்டும் உறுமினால் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியின் எர்த் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா கேசட்டும் மங்கலாகக் கேட்கிறது, ஹெட்டும் சுத்தம். அப்படியானால் ஹெட் தேய்ந்திருக்கலாம். அதன் முகத்தில் டேப் ஓடிய இடம் நகத்தில் இடறும் பள்ளமாக இருக்கும். சில கேசட் மட்டும் மங்கலாகக் கேட்டால், அவை பதிவான இயந்திரத்தின் ஹெட் கோணம் வேறு. இப்போதுதான் ஹெட்டின் கோணத்தை மாற்றும் அசிமத் திருகுக்கு, அன்று நான் திருகித் தொலைத்த அதே திருகுக்கு, நேரம். முதலில் திருகின் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க ஒலியையும் மோனோவாகச் சேர்த்து, தாளக்கருவிகளின் கிணுகிணுப்பு மிகத் தெளிவாகும்வரை கால் சுற்றுக்குள்ளேயே மெல்லத் திருப்புங்கள்.

பதிவு மட்டும் ஆகவில்லை என்றால் கேசட்டின் முதுகில் உள்ள தடுப்புத் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புதுப் பதிவுக்குப் பின்னால் பழைய ஒலி மெலிதாகக் கேட்டால் அழிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். அழியவும் இல்லை, பதிவும் தேய்ந்து கேட்கிறது என்றால் அந்த இரண்டுக்கும் உயர் அதிர்வெண் தரும் ஆசிலேட்டர் வேலை செய்யவில்லை. அது அனுபவசாலியின் வேலை.

டேப்பின் நோய்கள்

இயந்திரம் நலமாகி, குறிப்பிட்ட ஒரு கேசட் மட்டும் படுத்தினால் அதன் நடுவே பாருங்கள். செம்புத் தகட்டின் மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு டேப்பை ஹெட்டோடு அழுத்தும். பசை காய்ந்து அது விழுந்துபோனால் ஒலி மெலிந்து மங்கும். உதவாத கேசட்டிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம். இறுகிச் சுற்றாத கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டு தட்டி, பென்சில் நுழைத்துச் சுற்றித் தளர்த்துங்கள்.

அறுந்த டேப்பை ஒட்டச் சாதாரண செலோ டேப் கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டி, ஹெட்டிலும் ஏறும். இதற்கென்றே உள்ள ஒட்டு டேப்பைக் கேசட்டின் உட்புறம் பார்க்கும் பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். ஹெட்டைத் தொடுவது வெளிப்பக்கம்.

ஸ்பூல் டேப்பில் இன்னொரு ஆபத்து உண்டு. 1970கள், 80களில் வந்த சில டேப்புகளின் காந்தப் பூச்சைப் பிடித்துவைக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுக்கும். ஓடும்போது கிறீச்சிடும், பழுப்பு மாவு உதிரும், சில நேரம் நின்றே போகும். அந்தக் கணமே நிறுத்துங்கள். ஒலிக் காப்பகங்கள் இத்தகைய டேப்பைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து ஈரம் போக்கிப் பிரதி எடுக்கின்றன. சமையலறை அடுப்பில் இதைச் செய்யக் கூடாது. அசிடேட் டேப்பை எங்கேயுமே சூடாக்கக் கூடாது. சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அசிடேட் என்றால் ஒளி ஊடுருவித் தெரியும், பாலியெஸ்டர் இருண்டு நிற்கும்.

பிரியமான கேசட்டைப் போடும் நாள்

சோதனைக் கேசட்டின் இரண்டு பக்கமும் முழுதாக ஓடி முடியட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் மாறவில்லை, ஓரம் மடங்கவில்லை என்று பார்த்த பிறகு ஹெட்டை இன்னொரு முறை துடையுங்கள். வேலை முடிந்ததும் எப்போதும் பிளே பட்டனை விடுவித்துவிடுங்கள். மின்சாரத்தை மட்டும் அணைத்தால் பிஞ்ச் ரோலர் கேப்ஸ்டனில் அழுந்தியே இருந்து பள்ளம் விழும்.

பிரியமான கேசட்டை முதலில் ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, மீண்டும் பின்னோட்டிக்கொள்ளுங்கள். ஒலி வெளியே வரும் துளையான லைன் அவுட்டைக் கணினியில் இணைத்து, ஒலி அளவைச் சோதனைக் கேசட்டை வைத்தே சரிசெய்யுங்கள். கணினியில் பதிவு ஓடத் தொடங்கிய பிறகு பிளேயை அழுத்துங்கள்.